பழைய குடும்ப வேதாகமத்தைத் தைத்துத் தந்த கடை

பாளையங்கோட்டையில் ஒருவரே தனியாக நடத்தும் ஒரு சிறிய பைண்டிங் கடையில் எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கினேன். குறைகளும் சொல்ல இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

உபதேசியாராக இருந்த என் பூட்டனாரின் புத்தகம் அது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே இன்றும் புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவதால், அதே வசனங்கள் புதிய அச்சில் கிடைக்கும்போது கிழிந்த புத்தகத்துக்கு எதற்கு 900 ரூபாய் என்று என் மகன் கேட்டது நியாயம்தான். ஆனால் இதன் முன்தாளில் மூன்று தலைமுறையின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணத் தேதிகளும், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற குறிப்புகளும் வெவ்வேறு கையெழுத்தில் இருக்கின்றன. எந்தப் பகுதியை எந்த ஊர்ச் சபையில் பிரசங்கித்தார் என்பதைப் பூட்டனார் ஓரங்களில் பென்சிலால் பொடியாக எழுதி வைத்திருக்கிறார். 91ஆம் சங்கீதம் உள்ள தாளின் மூலை, இரவு ஜெபத்தில் புரட்டிப் புரட்டியே கறுத்துப்போயிருக்கிறது.

முதலில் விசாரித்த வேறொரு கடையில், முதுகை வெட்டிப் பக்கவாட்டில் தைத்து, மூன்று பக்கமும் மெஷினில் சீவித் தருவதாகச் சொன்னார்கள். அப்படிச் செய்திருந்தால் புத்தகம் விரித்த இடத்தில் நிற்காது என்பதோடு, பூட்டனாரின் குறிப்புகளில் பாதி குப்பைக்கும் போயிருக்கும். இந்தக் கடைக்காரரோ பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, “ஓரத்துல எழுத்தா இருக்கே சார், சீவ வேண்டாம்லா?” என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரிடம் கொடுத்தேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. மடிப்பு மடிப்பாகப் பிரித்து, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, கையால் நூல் கோத்துத் தைத்து, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் முதுகில் காலிகோ துணி ஒட்டியிருக்கிறார். முன்தாளை அட்டையோடு ஒட்டிவிடாமல் அதற்குமுன் புதிய காப்புத்தாள் வைத்திருப்பதால் தேதிகள் அனைத்தும் தெளிவாகத் தெரிகின்றன. கேட்காமலேயே முன்தாளுக்குப் பின்னால் இரண்டு வெற்றுத் தாள்களையும் சேர்த்துத் தைத்திருந்தார். சென்ற மாதம் என் தங்கையின் பேரனுடைய ஞானஸ்நானத் தேதியை அம்மா தம் நடுங்கும் கையால் அதில் எழுதினார்கள்.

பத்து நாள் என்று சொன்ன வேலைக்கு இருபத்திரண்டு நாள் ஆனதைப் பொறுத்துக்கொள்ளலாம். முதுகில் ‘பரிசுத்த வேதாகமம்’ என்று தமிழில் போடச் சொல்லியிருந்தும், கையில் இருந்த பழைய அச்சை வைத்து ஆங்கிலத்தில் பொன்னெழுத்து பதித்துவிட்டார் என்பதுதான் வருத்தம். மாற்றித் தருவதாகச் சொன்னார். ரெக்சினைப் பிய்த்தெடுத்தால் தையல் தளர்ந்துவிடுமோ என்று நான்தான் வேண்டாமென்றேன். ஆதியாகமத்தின் தொடக்கப் பக்கங்களும் இன்னும் சற்று இறுக்கமாகவே விரிகின்றன.

இப்போது அது பீரோவில் இல்லை. மாலை ஜெபத்துக்கு அதையே எடுக்கிறோம். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் படித்த பிள்ளைகள் பழைய ‘ணை’, ‘லை’ வரும் இடங்களில் தடுமாறுகிறார்கள் என்பதால் வாசிப்புக்குச் சற்று நேரம் கூடுகிறது. புத்தகம் கொடுக்கச் செல்பவர்கள் முதுகில் வரவேண்டிய எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதி உள்ளே செருகிக் கொடுப்பது நல்லது.