கோபோ டூல்பாக்ஸ்: திருச்சபை, ஜமாத், கோயில் அறக்கட்டளை வேலைகளுக்கு ஒத்துவருமா?

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் மத அமைப்புகள் நடத்தும் மாலை டியூஷன், தையல் வகுப்பு, முதியோர் உதவிகளில் பெரும்பாலும் கணக்கு நோட்டில்தான் ஓடுகிறது. மாசக் கடைசியில் 'இத்தனை வீடு போனோம், இத்தனை பேருக்குக் கொடுத்தோம்' என்று கமிட்டிக்கு ஒரு தாள் போகும். அந்த நோட்டுக்குப் பதிலாகப் போனைக் கையில் எடுக்க நினைப்பவர்களுக்கு, கேள்விப் படிவம் தயாரித்துப் போனிலேயே பதில்களைச் சேர்க்க உதவும் கோபோ டூல்பாக்ஸ் மென்பொருள் நல்ல தேர்வு. ஊழியர்களை வேவு பார்க்க என்றால் எடுக்கவே வேண்டாம்.

லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு இலவசத் திட்டம் உண்டு. மாதம் இத்தனை பதிவுகள்தான் என்ற வரம்பை மட்டும் கவனியுங்கள். ஃபார்ம் நிரப்பும் அதன் கோபோகலெக்ட் ஆப் ஆண்ட்ராய்டில் மட்டுமே ஓடும். ஐபோன்காரர்கள் பிரவுசரில் நிரப்ப வேண்டும். நெட் இல்லாமலே ஃபார்ம் நிரப்பலாம், சிக்னல் வந்ததும் அனுப்பலாம். கேள்விகள் தமிழில் வரும்.

சிக்கல் பெரும்பாலும் ஃபார்மில்தான். ஒரே பிள்ளையின் பெயரை ஒருவர் முகமது என்பார், இன்னொருவர் முஹம்மத் என்பார். எக்செலில் இரண்டு பிள்ளைகள் ஆகிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து, பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எக்செலிலேயே சேமிக்கக்கூடிய எளிய அட்டவணை) ஏற்றி, எண்ணை அடித்ததும் பெயர் தானாக வரும்படி 'புல்டேட்டா' என்ற கட்டளையைப் போடுங்கள். பாதியில் கேள்வியின் உள்பெயரை (பதில் சேரும் நெடுவரிசையின் பெயர்) மாற்றாதீர்கள். பழைய பதிலும் புதிய பதிலும் இரண்டு நெடுவரிசையாகப் பிரிந்துவிடும். அனுப்பாத ஃபார்ம் இருக்கும்போது ஆப்பை நீக்கினால் அத்தனையும் போச்சு. போனில் தேதி தப்பாக இருந்தால் பதிவிலும் தப்பாகவே ஏறும்.

ஜிபிஎஸ் கேள்வியைச் சேர்த்தால்தான் ஊழியர் உண்மையில் போனாரா என்று தெரியும் எனப் பல கமிட்டிகள் நினைக்கின்றன. ஹவுசிங் போர்டு பிளாக்கில் தரைத்தளத்து வீட்டுக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே புள்ளிதான் விழும். குறுக்குச் சந்தில் துல்லியம் கிடைக்கும்வரை ஊழியர் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். பிளாக் எண், கதவு எண் போதும்.

வீட்டு விஜயத்தை எண்ணினால் விஜயம்தான் அதிகமாகும், வேலை அதிகமாகாது. டியூஷனில் எண்ண வேண்டியது பிள்ளையின் வாசிப்பு. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் தேர்வில் உள்ளபடி எழுத்து, சொல், 1-ஆம் வகுப்புப் பத்தி, 2-ஆம் வகுப்புக் கதை என்று நிலைகளை வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சோதிப்பவர் வேறு சென்டர் ஆசிரியராக இருக்கட்டும். கடைசி நிலையை வைத்து ஆசிரியரை எடைபோடுவது அநியாயம். பிள்ளை எந்த நிலையில் சேர்ந்தது, எத்தனை நிலை ஏறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குடும்ப வருமானம் கேட்கும் திட்டங்களில் இன்னொரு பொறி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தை மார்ச்சோடு ஒப்பிட்டால் காசிமேட்டில் எந்த உதவியும் தோற்றதுபோலத் தெரியும், பழி ஊழியர் தலையில் விழும். போன வருஷத்து மே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

'கடவுளுக்குச் செய்றதுக்குக் கணக்கு எதுக்கு?' என்ற கேள்வி எல்லா மதத்து ஊழியர்களிடமும் வரும். அது நியாயமான மனக்குறை. அதட்டி அடக்கக் கூடாது. காணிக்கைக்கும் சந்தாவுக்கும் கணக்கு வாசிக்கும் சபைதானே, அந்தக் காசில் பிள்ளை என்ன படித்தது என்பதையும் வாசிக்கட்டும். ஃபார்மை அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள், பதில்களை அவர்களிடமே முதலில் காட்டுங்கள். தன் வகுப்பில் சொல் நிலையோடு நின்றுவிட்ட ஐந்து பிள்ளைகளின் பெயர் கைக்கு வந்தால், அடுத்த வாரம் எந்தப் பாடத்தை எடுப்பது என்று ஆசிரியருக்கே தெரியும்.

'வழிபாட்டுக்கு வருகிறாரா?' என்ற கேள்வி உதவி ஃபார்மில் இருக்கவே கூடாது. உதவியை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-இல் வகுத்த நடத்தை நெறி சொல்கிறது. அந்த ஒரு கேள்வி இருந்தாலே அரிசி வாங்க வருபவர் பயந்துபோய் 'ஆமாம்' என்பார்; மற்ற பதில்களையும் நம்ப முடியாது. 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதத்தை வாங்கி வையுங்கள்.

ஒரு சென்டர், இரண்டு ஆசிரியர் என்றால் நோட்டே போதும். நான்கைந்து சென்டர் இருந்தால் ஒன்றில் மட்டும் ஒரு பருவம் நோட்டையும் ஆப்பையும் சேர்த்து ஓட்டி, வாரம் ஒருமுறை இரண்டையும் ஒத்துப்பார்த்துவிட்டு மற்ற சென்டர்களுக்குக் கொண்டுபோங்கள்.