வீட்டு விசேஷ வீடியோவுக்கு வைடு கன்வர்ட்டர்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

கேனன் எக்ஸ்ஏ10 கேம்கார்டரின் லென்ஸ், முழு வைடில் வைத்தாலும் 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்குப்படி 30.4 மி.மீ.தான் (இந்த எண் குறையக் குறைய அகலம் கூடும்). கல்யாண மண்டபத்துக்கு அது போதும். பத்துக்குப் பத்து அறையில் வளைகாப்பு நடந்தால் போதாது. ஆறடி தள்ளி நின்றால் ஏழடி அகலம்தான் படத்தில் விழும். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண் தெரிவாள். வளையல் போட நிற்கும் அத்தையும் சித்தியும் பாதி வெட்டுப்படுவார்கள். பின்னால் நகரலாம் என்றால் முதுகு பீரோவில் இடிக்கும். லென்ஸுக்கு முன்னால் ஒரு 0.7 எக்ஸ் வைடு கன்வர்ட்டரை, அதாவது காட்சியை அகலமாக்கும் கூடுதல் கண்ணாடியைத் திருகினால், அதே இடத்திலிருந்து பத்தடி வரை கிடைக்கும். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வீட்டுக்குள் நடக்கிற எல்லாவற்றையும் நான் இப்படித்தான் எடுத்து வருகிறேன்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் 0.45-ஆ, 0.7-ஆ என்றுதான் பார்க்கிறார்கள்; எண் சின்னதாக இருந்தால் அகலம் அதிகம். ஜூம் செய்தாலும் ஃபோகஸ் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சில கன்வர்ட்டர்கள் முழு ஜூமுக்கும் ஒத்துழைக்கும். சில வைடு முனையில் மட்டும்தான் தெளிவாக இருக்கும். கொஞ்சம் ஜூம் செய்தாலே படம் கலங்கிவிடும். மலிவான 0.45 ஒன்றையும் கொஞ்ச காலம் வைத்திருந்தேன். நடுவில் பரவாயில்லை. ஓரத்தில் நிற்பவர்களின் முகம் மசமசவென்று இருந்தது, வெள்ளை வேட்டியின் விளிம்பில் ஊதா நிறம் ஓடியது. கழற்றி வைத்துவிட்டேன். திருகும் அளவையும் கவனியுங்கள்: இந்த கேமராவுக்கு 58 மி.மீ., சின்ன கேம்கார்டர்களில் 37, 43 என்று இருக்கும். பெரிய கன்வர்ட்டரை அளவு மாற்றும் ரிங் போட்டுச் சின்ன கேமராவில் மாட்டலாம். சின்னதைப் பெரியதில் மாட்டினால் நான்கு மூலையும் கறுத்துவிடும்.

மாட்டியதும் மெனுவில் கன்வர்ஷன் லென்ஸ் என்ற இடத்தில் வைடு என்று மாற்றிவிட வேண்டும். ஆட்டம் குறைக்கும் வசதி அதற்கேற்ப மாறும். ஆட்டோ ஃபோகஸும் சாதாரண வகைக்கு இறங்கிவிடும். வேகமான ஃபோகஸுக்கான சென்சார் லென்ஸுக்கு வெளியே, முன்பக்கத்தில் இருக்கிறது. கன்வர்ட்டர் அதை மறைப்பதால்தான் இந்த ஏற்பாடு. மங்கலான அறையில் சாதாரண ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும் என்பதால் நான் மேனுவலில் ஐந்தடிக்கு வைத்துவிட்டு அதைத் தொடுவதே இல்லை. படம் பதியும் சென்சார் சின்னது, கோணம் அகலம், அதனால் கிட்டத்தில் இருக்கும் ஆரத்தித் தட்டும் பின்சுவரில் இருக்கும் காலண்டரும் சேர்ந்தே தெளிவாக விழும். ஆனால் அதே காரணத்தால் கண்ணாடியில் விழுந்த ஒரு பன்னீர்த் துளிகூடப் படத்தில் தெரியும். பன்னீர்ச் செம்பு வரும் பக்கம் ஒரு கண் இருக்கட்டும், சட்டைப் பையில் ஒரு துணியும் இருக்கட்டும்.

லைட்தான் பெரிய தொல்லை. கேமராவின் தலையில் எல்இடி வைத்தால் நடுவில் வெளுத்து, இரண்டு பக்கமும் இருண்டுவிடும். போதாததற்கு, கன்வர்ட்டரின் நிழலே படத்தின் கீழே வளைவாக விழும். லைட்டை வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டால் அறை முழுக்க ஒரே சீராகப் பரவும், நிழலும் போய்விடும். கூரை ஓடாக இருந்தால் இது நடக்காது. அங்கே ஒரு லைட்டைத் தனி ஸ்டாண்டில் வைக்க வேண்டியதுதான்.

எனக்கு இந்தக் கண்ணாடியின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணம் அகலம் மட்டும் இல்லை. இதைப் போட்டால் மூன்றடிக்குள் போய் நிற்க முடிகிறது. கேமராவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் யாரும் குறுக்கே வருவதில்லை. பக்கத்தில் நிற்பதால் வளையல் சத்தமும், சந்தனம் பூசும்போது பாட்டி காதோடு சொல்லும் வார்த்தையும் கேமரா மைக்கிலேயே கேட்கும். தூரத்தில் நின்று ஜூம் செய்தால் மிக்ஸி சத்தமும் குழந்தைகளின் கூச்சலும்தான் பதிவாகும். நடந்துகொண்டே எடுத்தாலும் ஆட்டம் குறைவாகத் தெரிகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓரத்தில் இருப்பவர்கள் அகலமாகிவிடுவார்கள். நேரில் ஒல்லியாக இருக்கும் பெரியம்மா வீடியோவில் பருத்துத் தெரிந்தால் அவர் வருத்தப்படுவது நியாயம்தான். அதனால் ஓரத்தில் முகங்களை விடாமல் கதவு, சுவர், சீர்த்தட்டு என்று ஏதாவது வரும்படி நிற்பேன். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கிக்கொள்வேன். மேலிருந்து சாய்த்து எடுத்தால் நிலைக்கதவு சரிந்து நிற்கும். குரூப்பாக நிற்க வைத்து எடுக்கும்போது கன்வர்ட்டரைக் கட்டாயம் கழற்றிவிடுவேன்.

எக்ஸ்ஏ20 மாதிரிப் பின்னால் வந்தவை 26.8 மி.மீ.யிலேயே ஆரம்பிக்கின்றன. அவற்றில் ஹால் அளவு இடத்துக்குக் கன்வர்ட்டர் தேவையே இல்லை, சமையலறைக்கும் பூஜை அறைக்கும் மட்டும் இன்னும் வேண்டும். எக்ஸ்ஏ20-க்கும் திருகு அளவு 58தான், பழையது மாட்டிக்கொள்ளும். ஆனால் மூலைகள் மறைகிறதா என்று கடையிலேயே கேமராவைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.