மெல்போர்னில் குடும்பத்தோடு கிரிக்கெட்: இரவு டி20யா, பாக்ஸிங் டே டெஸ்ட்டா?

எம்சிஜியில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்) இரண்டையும் பார்த்துவிட்டோம். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள், இந்தியா–பாகிஸ்தான் டி20 உலகக் கோப்பை ஆட்டம். அப்புறம், டிசம்பர் 26 அன்று தொடங்கும் பாக்ஸிங் டே டெஸ்ட்; 2024இல் இந்தியா–ஆஸ்திரேலியா ஆடியதன் மூன்றாம் நாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டெஸ்ட்டுக்கே போங்கள் என்பேன்.

ஆரவாரத்தில் டி20க்கு ஈடில்லை. 90,293 பேர். 31 ரன்னுக்கு 4 விக்கெட் போன பிறகு கோலி நின்று 82 அடித்தார். கடைசிப் பந்துக்கு இறங்கிய அஷ்வின், வைடை அசையாமல் விட்டுவிட்டு, அடுத்த பந்தை மிட்-ஆஃபுக்கு மேல் தூக்கினார். இந்தியாவை ஜெயிக்க வைத்த அந்த ரன்னை என் மனைவி பார்க்கவில்லை. மூன்று வயது மகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போயிருந்தாள். கூச்சல் மட்டும் கேட்டதாம். ஜெயித்தது யார் என்று தெரியவில்லையாம். இன்றும் அந்த ஓவரை டிவியில் போட்டால் அவள் முகம் வாடுகிறது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்: நடுவில் எழுந்து போக முடியுமா? டி20யில் ஒவ்வொரு பந்துக்கும் ஆட்டம் திரும்புகிறது. பிள்ளைக்குப் பசி, தாகம், தூக்கம் எது வந்தாலும் பெற்றவர்களில் ஒருவர் ஆட்டத்தை இழக்கத்தான் வேண்டும். ஏழு மணிக்குத் தொடங்கியது முடிய இரவு 11 மணியை நெருங்கிவிட்டது. தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிச்மண்ட் ரயில் ஸ்டேஷன் வரை கூட்டத்தில் நகர்ந்தோம். மறுநாள் பள்ளிக்கூடம் வேறு.

டெஸ்ட்டில் உணவு இடைவேளை உண்டு, தேநீர் இடைவேளை உண்டு. கட்டிக்கொண்டுபோன புளியோதரையை நிதானமாகச் சாப்பிட்டோம். கண்ணாடி பாட்டில், கேன், மது தவிர வீட்டுச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. மழை வந்து ஆட்டம் நின்றபோது பிள்ளைகள் மைதானத்தின் உள் நடைபாதையில் ஓடியாடித் திரிந்தார்கள். அன்று வாஷிங்டன் சுந்தர் 162 பந்துகள் நின்று 50 எடுத்தார். அவரும் நிதீஷ் குமார் ரெட்டியும் சேர்த்த 127 ரன்னில் பத்து ஓவரைத் தவறவிட்டு வந்து உட்கார்ந்தாலும் இருவரும் களத்தில் இருந்தார்கள். நிதீஷ் சதமடித்தபோது நாங்கள் நால்வரும் இருக்கையில் இருந்தோம். மைதானத்தில் அன்று 83,073 பேர். கூட்டம் குறைவு என்ற குறையும் இல்லை.

வெயில் பெரிய தொல்லைதான். டிசம்பர் வெயிலில் கீழ்வரிசை வேண்டாம். மேல்தளத்தில் கூரைக்கு அடியில் பின்வரிசை பார்த்து எடுங்கள். மது அனுமதியில்லாத பகுதியும் இருக்கிறது, குழந்தைகளோடு போனால் அது நல்லது.

பதின்வயதுப் பிள்ளைகள் என்றால் என் பேச்சு பொருந்துமா தெரியாது. என் இரண்டும் சின்னதுகள். பதின்வயதுக்காரர்களுக்கு டி20 இரவே பிடிக்கலாம். நான் டெஸ்ட்டுக்குப் போனதும் ஒரே ஒரு நாள்தான், அதுவும் நல்ல நாளாக அமைந்துவிட்டது. 2025இல் ஆஷஸ் தொடரில் (ஆஸ்திரேலியா–இங்கிலாந்து) நடந்த பாக்ஸிங் டே டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்துபோனது. மூன்றாம் நாளைக் குறிவைத்தால் அந்த ஆபத்து உண்டு. அடுத்த முறை நாங்கள் முதல் நாளுக்கோ இரண்டாம் நாளுக்கோதான் டிக்கெட் எடுக்கப்போகிறோம்.