சூப்பர் க்ளூவா, எபாக்சியா, வெள்ளைப் பசையா?

எது உடைந்தாலும் கை முதலில் சூப்பர் க்ளூவைத்தான் தேடும். பாதி வேலைகளுக்கு அது பொருந்தாது. எந்தப் பசை எங்கே நிற்கும் என்பது அட்டையில் போட்டிருக்கும் வலிமையைவிட, அது இறுகும் விதத்தைப் பொறுத்தது.

சூப்பர் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். 1942-இல் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு, தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொலைக்கிறதே என்று இதை ஒதுக்கிவிட்டது. பசையாக விற்பனைக்கு வந்தது 1958-இல். இது உலர்ந்து இறுகுவதில்லை. பரப்பில் இருக்கும் லேசான ஈரம் பட்டதும் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொள்கின்றன. விரல் சட்டென்று ஒட்டிக்கொள்வதும் தோலின் ஈரத்தால்தான். அதனால் ஒரு சொட்டு போதும். நிறையப் பிழிந்தால் நடுவில் இறுகாமல் கிடக்கும், இடைவெளியும் அடையாது. இன்னொரு குறை, இறுகியபின் வரும் விறைப்பு. நேராக இழுத்தால் தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தாலோ, ஓங்கித் தட்டினாலோ விட்டுவிடும். நடக்கும்போதெல்லாம் வளையும் செருப்புக்கு இது சரிவராது.

எபாக்சி கொஞ்சம் வேலை வைக்கும். தனித்தனியாக வரும் ரெசினையும் (பிசின்), அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் சொன்ன அளவில் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் வினைபுரியாத மிச்சம் உள்ளே தங்கி, ஒட்டு பலவீனமாகிவிடும். ஆனால் இதிலிருந்து ஆவியாகிப் போவது ஏதுமில்லை என்பதால் அதிகம் சுருங்காது, பொருந்தாத விளிம்புகளுக்கு நடுவிலும் நிரம்பி நிற்கும். உலோகம், கல், பீங்கான் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். 5 நிமிட வகையைவிட, ஒரு நாள் காத்திருக்கச் சொல்லும் வகை பொதுவாக உறுதியானது.

மரத்துக்கு மரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெள்ளைப் பசைதான். அதன் தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்ள, மிஞ்சும் பாலிமர் துகள்கள் ஒன்றாகிப் படலமாகின்றன. கிளாம்ப் போட்டு அழுத்தி வைத்தால், நன்றாகப் பொருந்திய இணைப்பில் ஒட்டு விடுவதற்கு முன் பக்கத்து மரமே பிளக்கும். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே இதைத் தடவினால் தண்ணீர் வெளியேற வழியில்லை, நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். சாதாரண வகை எப்போதும் நனையும் இடத்துக்கும் ஆகாது.

பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டிலும் மூன்றுமே தோற்றுப்போகும். ஒட்ட வேண்டுமானால் பசை முதலில் பரப்பில் பரவ வேண்டும். இவற்றின் மேல் அது முத்து முத்தாகத் திரண்டு நின்றுவிடும். பசை ஒட்டாத இந்தப் பாலித்தீனில்தான் சூப்பர் க்ளூ குப்பிகள் பலவும் செய்யப்படுகின்றன. இந்த இரண்டு பிளாஸ்டிக்குகளுக்கென்றே வரும் ப்ரைமரை (பசைக்கு முன் பூசும் திரவம்) பூசிவிட்டு ஒட்டலாம், இல்லையென்றால் திருகாணி போடலாம்.