மாண்டினீக்ரோ ஒருநாள் டூர்: விசாவில் "01" இருந்தால் ஏறாதீர்கள். எனக்கு 170 யூரோ போச்சு

முந்தாநாள் நடந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைக் குரோஷியாவில் உள்ள துப்ரோவ்னிக்குக் கூட்டிப்போனேன். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பக்கத்து நாடான மாண்டினீக்ரோவுக்கு டூர் போர்டுதான். பெராஸ்ட், கோட்டோர், புத்வா என்று மூன்று பழைய கடலோர ஊர்கள், ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். டூர் விற்கும் பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் பிடித்தேன். தலைக்கு 85, ரெண்டு பேருக்கு 170 யூரோ.

அம்மாவிடம் இருந்தது ஷெங்கன் விசா, அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் சுற்றலாம். பணம் கட்டும் முன் சாட்டில் கேட்டேன்: "அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா. வேறு விசா வேண்டுமா?" ஒரே நிமிடத்தில் பதில்: "வேண்டாம், அதுவே போதும். கவலையில்லாமல் வாருங்கள்!" கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அதைப் பார்த்துத்தான் கார்டு நம்பரை அடித்தேன்.

சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஷெங்கன் விசா இருந்தால் மாண்டினீக்ரோ உள்ளே விடும். ஆனால் குரோஷியா 2023 முதல் ஷெங்கனில் இருக்கிறது, மாண்டினீக்ரோ இல்லை. அம்மாவின் விசா ஒருமுறை நுழைவு, ஸ்டிக்கரில் "01" என்றால் அதுதான் அர்த்தம். எல்லையைத் தாண்டினால் அதோடு தீர்ந்தது, சாயங்காலம் திரும்ப விட மாட்டார்கள். ஜெர்மன் குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் எனக்கு இது உறைக்கவில்லை, என் தப்பும்தான். ஆனால் தினமும் எல்லை தாண்டி ஆள் ஏற்றுபவர்களுக்குமா தெரியாது?

காலை ஏழு மணிக்கு வேனில் கைடு எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி எண்ணினார். எண்ணினார், அவ்வளவுதான், திறந்துகூடப் பார்க்கவில்லை. எல்லை வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். குரோஷியப் போலீஸ்காரர் அம்மாவின் விசாவில் "01" மேல் விரலை வைத்து, "இன்றைக்கே திரும்ப வேண்டுமா? முடியாதே" என்றார். அன்றைக்கு எங்களிடம் முழு உண்மை பேசிய ஒரே ஆள். கைடு கடிகாரத்தைப் பார்த்தார். "மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்." இறங்கினோம். வேன் போய்விட்டது.

பெராஸ்ட் எதிரே, கல்லையும் பழைய கப்பல்களையும் கடலில் இறக்கியே உண்டாக்கிய தீவு ஒன்று இருக்கிறது, அதன்மேல் மாதா கோயில். வருஷா வருஷம் ஜூலை 22 அன்று படகில் போய் இன்றும் கல் போடுகிறார்கள். முந்தின ராத்திரி இதை அம்மாவுக்குக் கதையாகச் சொல்லியிருந்தேன். ரோட்டோரம் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவைத் திறந்தவர், "அங்க வச்சுச் சாப்பிடலாம்னுதான் கிளறினேன்" என்று எலுமிச்சைச் சாதத்தை நீட்டினார். எனக்கு இறங்கவில்லை. திரும்ப டாக்ஸிக்கு 80 யூரோ தனி.

அப்புறம் ஆரம்பித்தது பந்தாட்டம். தளத்தைக் கேட்டால் "உள்ளூர் ஏற்பாட்டாளரிடம் பேசுங்கள்". அவரைக் கேட்டால் "பணம் தளத்துக்குத்தானே கட்டினீர்கள்". மறுபடி தளம்: "ஆவணங்களைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு, விதிமுறையில் இருக்கிறது". சாட்டில் அவர்களே போதும் என்று சொன்ன ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன் வந்தது! 170 யூரோவுக்குக் கூப்பன். இதற்கு நடுவே இரவு எட்டு மணிக்கு ஒரு மெயில்: "உங்கள் மாண்டினீக்ரோ பயணம் எப்படி இருந்தது?"

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கையைப் பாருங்கள். "01" என்றால் மாண்டினீக்ரோ வேண்டாம், போஸ்னியாவின் மோஸ்டார் டூரும் வேண்டாம், போஸ்னியாவும் ஷெங்கனில் இல்லை. குரோஷியாவின் ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக்குக்கு பஸ் பிடித்தால், 2022-இல் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியா, போஸ்னியாவின் நெயும் ஊர் வழியா என்று கேட்டு, பாலம் வழியாகப் போவதில் மட்டும் ஏறுங்கள். சாட்டில் "போக முடியுமா" என்று கேட்காதீர்கள், "அன்றே திரும்ப முடியுமா" என்று கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கார்டு கொடுத்த பேங்கில் புகார் போட்டிருக்கிறேன். 170 யூரோ வந்தால் இங்கேயே வந்து சொல்கிறேன்.