பூ மண்டி லேப்டாப்: திரை மட்டும் மூன்று முறை

2012-இல் தங்கச்சி பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 14 அங்குலத் திரை. அவள் கல்யாணமாகிப் போனதும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இருக்கும் எங்கள் கமிஷன் கடைக்கு வந்து சேர்ந்தது. ராமை (மெமரியை) 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்ட பிறகு பற்று வரவு எழுத ஒரு குறையும் இல்லை. படுத்தியதெல்லாம் திரைதான்.

முதல் தடவை சின்ன விஷயம். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் இருட்டு. ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன், வந்துவிட்டது. நாள் முழுக்க ஈரச் சாக்குக்கு நடுவில் இருந்தால் களிம்பு ஏறாமல் என்ன செய்யும்?

இரண்டாவதுதான் ஆளை அலைக்கழித்தது. அதிகாலையில் மல்லிகை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று அணைந்துவிடும். மூடியைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் பளிச்சென்று வரும். லேப்டாப் ரிப்பேர் கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "டிஸ்ப்ளே போயிருச்சு தம்பி, மாத்திருங்க, மூவாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார். லேப்டாப்பை விற்றாலே அவ்வளவு தேறாது. சரி என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

திரை இருண்டிருக்கும்போது செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். உள்ளே ஐகான்கள் நிழல் மாதிரி தெரிந்தன. எல்சிடி தானாக ஒளிராது, அதற்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டைதான் வெளிச்சம் கொடுக்கிறது. ஆக, படம் வருகிறது, வெளிச்சம் வரவில்லை. எல்இடியே போயிருந்தால் மூடியைச் சாய்த்ததும் எப்படி எரியும்? பட்டுப்போன விளக்குக்குக் கோணம் தெரியாது. பக்கத்து ஜெராக்ஸ் கடை மானிட்டரில், வெளித்திரை மாட்டும் விஜிஏ ஒயர் வழியாக ஒரு மணி நேரம் ஓட்டினேன், ஒரு சிமிட்டல்கூட இல்லை. கிராபிக்ஸ் சிப்பும் தப்பித்தது. மிச்சம் இருப்பது போர்டிலிருந்து திரைக்குப் போகும் டிஸ்ப்ளே கேபிள்.

திறப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால், கேபிளைப் பிடுங்கும்போது போர்டில் எள்ளளவு இருக்கும், அந்த எல்இடி வெளிச்சத்துக்கான பேக்லைட் ஃபியூஸ் போய்விடலாம். அப்புறம் நூறு ரூபாய் வேலை ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும். ரப்பர் மூடிகளுக்குக் கீழே இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழைய ஏடிஎம் கார்டை விட்டு ஃபிரேமை நெம்பினேன். துண்டு விரித்து, பேனலை (திரைத் தகட்டை) கீபோர்டின் மேல் கவிழ்த்தேன். இடது கீல் வழியாகப் போகும் இடத்தில் கேபிளின் உறை கிழிந்து, தலைமுடி கனத்தில் இரண்டு கம்பிகள் செம்பு தெரிய நின்றன. இத்தனை வருடமாக மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்த என் கைதான் காரணம்.

புதுக் கேபிள் 450 ரூபாய். பழசில் அச்சிட்டிருந்த எண்ணைச் சொல்லி வாங்கினேன். பேனலே வாங்க வேண்டியிருந்தாலும் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கேபிள் சொருகும் இணைப்பில் வகை உண்டு. எங்களுடையது 40 பின் எல்விடிஎஸ். இப்போது வருவதில் பெரும்பாலானவை 30 பின் இடிபி, ஒன்றுக்கு மற்றது பொருந்தாது.

மூன்றாவது, போன வருடம் வந்த பச்சைக் கோடு. மேலிருந்து கீழே நேராக நிற்கிறது. ஃபிரேமின் விளிம்பை அழுத்தினால் மறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. பேனலுக்குள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன் இணைப்பு விட்டுப்போனதன் அறிகுறி அது. கேபிள் மாற்றினாலும் போகாது, வீட்டில் ஒட்டவும் முடியாது, பேனலைத்தான் மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. கோடு சரியாகப் பாக்கிக் கலத்தின் மேலேயே விழுவதால் அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. "பாக்கிக்காரனுக்கு அதுவே கோடு போட்டுக் காட்டுதுடா" என்கிறார்.