வைக்கோலைச் சர்க்கரையாக்கும் செல்லுலேஸ் கரைசல்: பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆய்வகப் பணிக்காக, நீர்ம வடிவில் விற்கப்படும் செல்லுலேஸ் (தாவரங்களின் செல்லுலோஸ் நாரைச் சர்க்கரையாக உடைக்கும்) நொதிக் கலவை ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். டிரைக்கோடெர்மா ரீசி என்னும் பூஞ்சையை வளர்த்துப் பெறப்படும் இந்தப் பழுப்பு நிறக் கரைசலின் வீரியத்தை விற்பனைக் குறிப்பேடு வடிதாள் அலகில்தான், அதாவது வடிதாளை எவ்வளவு சிதைக்கிறது என்ற அளவில்தான், சொல்கிறது. அந்த எண்ணில் பிழையில்லை. ஆனால் வடிதாள் ஏறத்தாழத் தூய செல்லுலோஸ். வைக்கோலிலோ செல்லுலோஸ் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறது, அதுவும் ஹெமிசெல்லுலோஸ் என்னும் வேறொரு சர்க்கரைச் சங்கிலியும் லிக்னின் என்னும் கடினமான பிணைப்புப் பொருளும் சூழ்ந்த நிலையில். ஆகவே அலகு எண்ணை மட்டும் பார்த்து இரண்டு தயாரிப்புகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

அரைத்த வைக்கோலை நேரடியாக இட்டால் எந்த நொதியும் பெரிதாக எதுவும் செய்துவிடாது. முன்பதப்படுத்துதல் அவசியம். நீர்த்த கந்தக அமிலத்தில் 160 டிகிரி செல்சியஸ் அளவில் வேகவைத்தால் ஹெமிசெல்லுலோஸ் கரைந்து வெளியேறுகிறது. சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் லிக்னினின் கணிசமான பகுதி நீங்குகிறது. எஞ்சிய லிக்னின் நொதியைத் தன்மேல் ஒட்டவைத்து வீணாக்கும் என்பதால், காரத்தில் பதப்படுத்திய வைக்கோலில் இக்கலவை தெளிவாகக் கூடுதல் திறனுடன் இயங்கியதில் வியப்பில்லை.

இக்கலவையின் உண்மையான பலம், செல்லோபயோஸ் என்னும் இரட்டைச் சர்க்கரையைக் குளுக்கோஸாகப் பிளக்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் நொதியின் அளவு. டிரைக்கோடெர்மா இயல்பாக இந்த நொதியைக் குறைவாகவே சுரக்கும்; அதனால் பழைய தயாரிப்புகளில் செல்லோபயோஸ் தேங்கி, செல்லுலோஸைச் சிதைக்கும் மற்ற நொதிகளையே தடுத்துவிடும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையின் நொதியைத் தனியாக வாங்கிச் சேர்க்கும் வேலை இங்கே தேவைப்படவில்லை. அமிலகாரத்தன்மை (pH) 5, வெப்பநிலை 50 டிகிரி என்ற வழக்கமான நிலையில், மூன்றாம் நாளிலும் செல்லோபயோஸ் மிகக் குறைவாகவே தென்பட்டது.

குறைகளும் உண்டு. முதலாவது, நொதி கெடாமலிருக்கச் சேர்க்கப்பட்ட சர்க்கரையைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒரு சொல்லும் இல்லை. நிறமாற்றத்தைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் டி.என்.எஸ். முறை, குளுக்கோஸ், சைலோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகள் அனைத்தையும் வேறுபாடின்றி அளப்பதால், வைக்கோல் சேர்க்காத, நொதி மட்டுமுள்ள ஒப்பீட்டுக் குடுவையைத் தவறாமல் வைக்க வேண்டும். இல்லையேல் புட்டியிலிருந்து வந்த சர்க்கரையை வைக்கோலின் கணக்கில் எழுதிவிடுவோம். இரண்டாவது, செல்லுலோஸில் எவ்வளவு குளுக்கோஸாக மாறியது என்னும் மாற்ற விழுக்காட்டை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதும் சொல்லப்படவில்லை. செல்லுலோஸ் உடையும்போது நீர் சேர்வதால் 100 கிராம் செல்லுலோஸிலிருந்து 111 கிராம் குளுக்கோஸ் வரை கிடைக்கும். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் எந்தத் தயாரிப்பும் இருப்பதைவிட நன்றாகவே தெரியும்.

பரிந்துரைக்கப்பட்ட நொதி அளவும் வைக்கோல் குறைவாக உள்ள நீர்த்த கலவைக்கே பொருந்துகிறது. எத்தனாலைக் காய்ச்சி வடிப்பது கட்டுப்படியாக வேண்டுமானால் திடப்பொருள் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அந்த நிலையில் கலவை களிமண் சேறு போலாகிக் கலக்கியே திணறுகிறது, குளுக்கோஸ் ஏற ஏற நொதியின் வேகமும் தளர்கிறது. வைக்கோலை ஒரேயடியாக இடாமல், முன்பு இட்டது இளகிய பின் அடுத்த பகுதியைச் சேர்த்தபோது நிலைமை பெரிதும் சீரானது. இந்த எளிய யோசனையைக் குறிப்பேடே சொல்லியிருக்கலாம்.

இந்த நொதிக் கலவை ஹெமிசெல்லுலோஸிலிருந்து சைலோஸ் என்னும் சர்க்கரையையும் ஓரளவு விடுவிக்கிறது. சாதாரண ஈஸ்ட் அதை நொதிக்காது. எனவே எத்தனால் விளைச்சலைக் கணிக்கும்போது மொத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளாமல், குளுக்கோஸை மட்டும் எச்.பி.எல்.சி. (சர்க்கரைகளைத் தனித்தனியே பிரிக்கும்) கருவியில் பிரித்தளந்து, ஒரு கிராம் குளுக்கோஸுக்கு அதிகபட்சம் 0.51 கிராம் எத்தனால் என்று கணக்கிடுவதே சரி. முன்பதப்படுத்தும் வசதி உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர்களும் பெரிய கொள்கலனுக்குப் பணம் கட்டுமுன் சிறு மாதிரியைக் கேட்டு வாங்கி, தங்கள் வைக்கோலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.